வடிவமைப்புக்கும் வரவு செலவு உண்டு

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா.

அன்புள்ள தங்கைக்கு,

நல்ல வடிவமைப்பு லாபம் தரும் என்பதை நிர்வாகத்துக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறாய். இந்த ஊரில் 1943-இல் சிக்னெட் பிரஸ்ஸைத் தொடங்கிய டி.கே. குப்தா, அட்டையையும் அச்செழுத்தையும் புத்தகத்தின் உயிராகவே நினைத்தார். டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் வேலைபார்த்த இளம் சத்யஜித் ராயிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். 1946-இல் சிக்னெட் வெளியிட்ட நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வுக்கும் அட்டை ராயுடையதுதான். முதலாளிக்கே ரசனை இருந்ததால் வடிவமைப்பின் மதிப்பை ராய் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட முதலாளி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நீ வாதாடத்தான் வேண்டும்.

வாதத்துக்குச் சான்று நம் ஓசூரின் டைட்டன் கடிகார ஆலையில் இருக்கிறது. 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனமான எச்.எம்.டி., நாட்டின் சந்தையையே பிடித்து வைத்திருந்தது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரமும் டைட்டனுக்கு முன்பே அதனிடம் இருந்தது. ஆனாலும் சாவி கொடுக்கும் கடிகாரத்தையே அது பெரிதும் நம்பியது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸோடு நிற்காமல், அணிந்து மகிழவும் பரிசளிக்கவும் ஏற்ற பொருளாகக் கடிகாரத்தை வடிவமைத்தது. கடையின் தோற்றத்திலும் அதே அக்கறை காட்டியது. 2002-இல் வந்த 'எட்ஜ்' கடிகாரத்தின் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இயங்கும் பகுதி வெறும் 1.15 மில்லிமீட்டர். பொறியாளரும் வடிவமைப்பாளரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து உட்காராமல் அந்த மெலிவு வராது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது.

"எச்.எம்.டி. விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டே" என்று உன் மேலதிகாரி மடக்குவார். ஒப்புக்கொள். வடிவமைப்பு ஒன்றே எல்லாம் சாதித்தது என்று சொன்னால், நீ சொல்லும் உண்மையையும் அவர் நம்பமாட்டார். "அழகு வெறும் செலவுதானே" என்றும் கேட்பார். அப்போது அழகைப் பற்றிப் பேசாதே. புகார்ப் பதிவேட்டைத் திற. எந்தப் பொத்தான் புரியாமல் வாடிக்கையாளர் போன் செய்கிறார், அந்த அழைப்புகளுக்கு என்ன செலவாகிறது, பழுதே இல்லாமல் எத்தனை பொருள் திரும்பி வருகிறது என்று காட்டு. பிறகு ஒரே ஒரு பொருளை மட்டும் திருத்தி மாதிரி செய்து, பழையதையும் புதியதையும் அவர் கையிலேயே கொடு. சில மாதம் விற்றுப் பார்த்து, முன்கணக்கையும் பின்கணக்கையும் அருகருகே வை. "எல்லாவற்றையும் அளக்க முடியுமா?" என்றால், முடியாதுதான். ஆனால் அளக்க முடிந்த இடத்தில் நீ சம்பாதிக்கும் நம்பிக்கைதான், அளக்க முடியாத இடத்தில் உனக்கு அனுமதி வாங்கித் தரும்.

அடுத்த கூட்டத்துக்குப் படங்களோடு மட்டும் போகாதே. கணக்கையும் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் அண்ணன்