கடன் எல்லோர் பேரிலும், கால்வாய் யார் தெருவில்?



நம் குழுவுக்கு வங்கிக் கடன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தீர்மானம் எழுதியாகிவிட்டது, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பணம் கணக்கில் ஏறிய பிறகு, யாருக்கு எவ்வளவு என்பதை ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்தால் விடுவோமா? "தவணை கட்டுறது பன்னிரண்டு பேரு, பேசி முடிக்கிறது ரெண்டு பேரா?" என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டுவிடுவோம். இந்த நியாயம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதே நியாயம் ஒரு நகரம் வாங்கும் கடனுக்கும் பொருந்தும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அதைத்தான் இந்த மாதப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

நகரம் கடன் வாங்குமா? வாங்கும். பத்திரம் என்றதும் நமக்கு நிலப் பத்திரம்தான் ஞாபகம் வரும். இது வேறு. "எங்கள் ஊரில் கால்வாய் கட்ட இவ்வளவு பணம் வேண்டும், இத்தனை வருஷத்தில் இத்தனை வட்டியோடு திருப்பித் தருகிறோம்" என்று நகராட்சியோ மாநகராட்சியோ எழுதிக்கொடுக்கும் கடன் பத்திரம். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பணம் வைத்திருப்பவர்கள் அதை வாங்குவார்கள். இப்படிச் சேரும் தொகையில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, சாலை எல்லாம் நடக்கும். அசலும் வட்டியும் எங்கிருந்து போகும்? வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் என்று ஊர்மக்கள் கட்டுகிற பணத்திலிருந்துதான். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வரி ஏறினால் வாடகையும் ஏறுமே!

நம் நாட்டிலும் இது நடக்கிறது. 1998-ல் அகமதாபாத் மாநகராட்சி, மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. 2002-ல் நம் தமிழ்நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட சிறு ஊர்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளை ஒன்றாகச் சேர்த்து, ஏறக்குறைய 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் போட்டார்கள். ஒரு சின்ன ஊர் தனியாகப் போய்க் கேட்டால் நம்பிப் பணம் தர ஆள் கிடைப்பது கஷ்டம். பல ஊர் சேர்ந்து போனால் தருவார்கள். கூட்டமைப்பில் இருக்கும் நமக்கு இந்தச் சூட்சுமம் புரியாதா என்ன! 2025-ல் பெருநகர சென்னை மாநகராட்சியும் மழைநீர் வடிகால் வேலைக்காக 200 கோடி ரூபாய் பத்திரம் வெளியிட்டது.

இவ்வளவு பெரிய கடனில் மக்களுக்கு என்ன பேச்சு இருக்க முடியும்? இதற்குப் பதிலாக ஒரு ஊரின் கதையைச் சொல்கிறோம். ரொம்பத் தூரத்து ஊர்தான். ஆனால் அங்கே இதைச் சாதித்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. மெக்சிகோ எல்லைக்கு அதிக தூரமில்லை. அதனால் மெக்சிகோ வழிவந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் நகரத்தின் மேற்குப் பகுதியில் இருந்தார்கள். கூலி வேலை, சின்னச் சின்னச் சம்பளம், ஸ்பானிஷ் மொழி பேசுகிறவர்கள். வசதியானவர்கள் வடக்குப் பகுதியில் இருந்தார்கள். நல்ல சாலை, நல்ல வடிகால் எல்லாம் அந்தப் பக்கம். மேற்கிலோ, பெரிய மழை வந்தால் தெருவெல்லாம் ஆறு. வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். பிள்ளைகள் சேற்றில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். மழையில் ஆள் அடித்துப் போனதும் உண்டு.

ஏன் அப்படி? அந்தக் காலத்தில் அங்கே நகர மன்றத்துக்கு வார்டு கிடையாது. எல்லா உறுப்பினர்களையும் நகரம் முழுக்கச் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். செலவு செய்து நிற்கக்கூடியவர்கள் வடக்குப் பக்கத்து ஆட்கள். "எங்க தெருவுக்கு நீதானே உறுப்பினர்" என்று மேற்குப் பகுதிப் பெண் ஒருத்தி போய்க் கேட்க ஆளே இல்லை. கடன் பத்திரமோ நகரத்தின் பேரில் போடப்பட்டது. வரியை மேற்குப் பகுதிக்காரர்களும் கட்டினார்கள். வேலை மட்டும் அவர்கள் தெருவுக்கு வரவில்லை.

1974-ல் அங்கே ஒரு அமைப்பு உருவானது. அதன் பெயரைச் சுருக்கமாக 'காப்ஸ்' என்பார்கள். பொதுச் சேவைக்காக ஒன்றுசேர்ந்த சமூகங்கள் என்று பொருள் வரும். எர்னஸ்டோ கோர்ட்டெஸ் என்பவர் அதற்கு அமைப்பாளர். அதே நகரத்துப் பிள்ளை. அவர் செய்த முதல் வேலை மேடை போட்டுப் பேசுவதல்ல, வீடு வீடாகப் போய்க் கேட்பது. யாரைக் கேட்டார்? கத்தோலிக்கக் கோயில்களில் திருவிழாவுக்குச் சமைத்து, நன்கொடை திரட்டி, பள்ளிப் பெற்றோர் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்த பெண்களையும், தெருவில் நாலு பேர் மதிக்கிற ஆண்களையும். உங்களுக்கு எது பெரிய கஷ்டம் என்று கேட்டார். பெரிய அரசியல் விஷயங்களைச் சொல்வார்கள் என்று வெளியில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். அவர்கள் சொன்னதோ, தேங்கி நிற்கும் தண்ணீர், குண்டும் குழியுமான தெரு, நடைபாதை இல்லாதது. அன்றாடம் காலில் படுகிற கஷ்டம் எதுவோ அதுதான் முதலில் வாயில் வரும். நம் குழுக்களில் கேட்டாலும் இதேதான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் பெருமழை பெய்து மேற்குப் பகுதி மூழ்கியது. காப்ஸ் மக்கள் கூட்டமாக நகர மன்றத்துக்குப் போனார்கள். ஆனால் அழுதுவிட்டு வரப் போகவில்லை. போவதற்கு முன்பே நகராட்சி அலுவலகத்தில் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்திருந்தார்கள். தங்கள் தெருவுக்கான வடிகால் வேலை 1945-லேயே நகரத் திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது! ஏறக்குறைய முப்பது வருஷம் அது தாளிலேயே இருந்திருக்கிறது. "எங்களுக்கு வடிகால் கொடுங்கள்" என்று கேட்பது ஒன்று. "நீங்கள் எழுதிவைத்த வேலையை ஏன் செய்யவில்லை?" என்று கேட்பது வேறொன்று. முதல் கேள்விக்கு "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. மேயரே திகைத்துப்போய் அதிகாரிகளைத் திட்டம் தயாரிக்கச் சொன்னார். அதன் பிறகு 4 கோடியே 68 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு மக்களின் வாக்கு கிடைத்தது. பதினைந்து வடிகால் வேலைகளுக்கு அந்தப் பணம் ஒதுக்கப்பட்டது.

வாக்கு என்று சொன்னோம் அல்லவா? அங்கே நகரம் இப்படிப்பட்ட கடன் பத்திரம் போட வேண்டுமென்றால், மக்கள் வாக்குச்சாவடிக்குப் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் அந்த முறை இல்லை. நகர மன்றத் தீர்மானமும் அரசின் அனுமதியும் போதும். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

கூட்டமைப்புக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்போ ஒரே நாளில் எல்லாம் சரியாயிடுச்சா?" என்று ஒரு அக்கா கேட்டார். ஆகவில்லை. அடுத்த வருஷமே நகரத்தின் செலவுப் பட்டியலில் தங்கள் பகுதிக்கு நியாயமான பங்கு கேட்டு மறுபடி போராட வேண்டி வந்தது. அப்போது அவர்கள் செய்த காரியம் வேடிக்கையானது. ஊர்ப் பெரிய முதலாளிகளின் காதில் விழட்டும் என்று, நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போய் ஒன்றையும் வாங்காமல் உடுப்புகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வங்கியில் வரிசையில் நின்று டாலரைச் சில்லறையாக மாற்றினார்கள், மறுபடி வரிசையில் நின்று சில்லறையை டாலராக மாற்றினார்கள். ஒரு கல்லும் எறியவில்லை, ஒரு சட்டமும் மீறவில்லை. ஆனால் கடையும் வங்கியும் ஸ்தம்பித்துப் போயின.

1977-ல் அந்த நகரத்துக்குப் பத்து வார்டுகள் வந்தன. மேற்குப் பகுதிக்குத் தன் ஆளைத் தானே அனுப்பும் உரிமை கிடைத்தது. காப்ஸின் முதல் தலைவர் ஆண்ட்ரஸ் சராபியா என்ற ஆண். 1976-ல் பியாட்ரிஸ் என்ற பெண் தலைவரானார். அதன் பிறகும் பல பெண்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இன்னொரு விஷயம் நமக்கு முக்கியம். அமைப்பை நடத்தக் கோயில் வாரியாகச் சந்தா வசூலித்தார்கள், விளம்பர மலர் போட்டு விற்றார்கள். யாரிடம் கேள்வி கேட்கப் போகிறோமோ அவரிடமே கைநீட்டக் கூடாது என்ற கணக்கு. நம் கூட்டமைப்புச் சந்தாவை ஏன் தவறாமல் கட்டச் சொல்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அங்கே எப்படி நடக்கிறது? ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கடன் பத்திரத் திட்டம் போடுகிறார்கள். 2017-ல் 85 கோடி டாலர், 2022-ல் 120 கோடி டாலர். வாக்கெடுப்புக்குப் பல மாதங்களுக்கு முன்பே, சாலைக்கு ஒன்று, வடிகாலுக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று என்று மக்கள் குழுக்களை அமைக்கிறார்கள். மேயரும் வார்டு உறுப்பினர்களும் ஊர்மக்களில் இருந்து ஆட்களை நியமிக்கிறார்கள். கூட்டம் திறந்த கூட்டம், யாரும் வந்து பேசலாம். அதிகாரிகள் கொண்டுவரும் பட்டியலைக் குழு பார்த்து, ஒரு வேலையைச் சேர்க்கலாம், ஒன்றை நீக்கலாம். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. மொத்தத் தொகை மாறக் கூடாது. ஒரு தெருவைச் சேர்க்க வேண்டுமென்றால் அந்தத் தொகைக்கு இன்னொரு வேலையைக் கழிக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கேட்பது சுலபம். எதை விட்டுக்கொடுத்து இதைக் கேட்கிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் கஷ்டம். குழுவில் உள்கடன் கொடுக்கும்போது, பிரசவச் செலவுக்கா, மாடு வாங்கவா, யாருக்கு முதலில் என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்கிறோமே, அதே வேலைதான்.

பிறகு வாக்கெடுப்பு. 2022 மே மாதம் ஆறு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள். சாலைக்கு 47 கோடி டாலருக்கு மேல், வடிகாலுக்கு ஏறக்குறைய 17 கோடி, வீட்டு வசதிக்கு 15 கோடி, இப்படி. ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லலாம். ஆறுக்கும் மக்கள் சரி என்றார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் ஊன்றிப் பார்த்தால் ஒரு ஓட்டை தெரியும். முதல் பட்டியலைப் போடுவது அதிகாரிகள். மக்கள் குழு வருவதற்குள் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. ஓரத்தில் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். இரண்டு வேலை பார்த்துப் பிள்ளை வளர்க்கிற பெண்ணால் எத்தனை கூட்டத்துக்குப் போக முடியும்? வர முடிந்தவர்களின் தெருதான் பட்டியலில் ஏறும். அதனால்தான் காப்ஸ் பெண்கள் செய்ததை நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். கூட்டம் எப்போது கூப்பிடுவார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பட்டியல் எழுதப்படும் இடத்துக்கே போய், பழைய பட்டியலையும் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு ஊரைச் சொல்ல வேண்டும். சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் நகராட்சி (2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது). 1990-களின் கடைசியில் அங்கே பாதாளச் சாக்கடைத் திட்டம் எடுத்தபோது, முழுப் பணமும் கடனாக வாங்கவில்லை. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டச் சொன்னார்கள். முதலில் மக்களிடம் வேண்டுமா, எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டறிந்தார்கள். குடியிருப்போர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். குழி தோண்டும் முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டின. மீதிக்குக் கடன், மானியம். "எங்க காசு எங்கே?" என்று கேட்க அங்கே வீட்டுக்கு வீடு ஆள் இருந்தது. அந்தக் காலத்தில் 5,000 என்பது கூலிக்காரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகையில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கட்ட முடியாதவர் குரல் எப்படிக் கேட்கும் என்பது எல்லாத் திட்டத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கிராம ஊராட்சி கடன் பத்திரம் போடுவதில்லை. ஆனால் பட்டியல் போடுகிறது. குழுக்கள் மூலம் வீடு வீடாகத் தேவை கேட்டு எழுதி, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி நாமும் ஒரு பட்டியல் கொடுக்கிறோம். கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று வந்துவிடுகிறோம். போன வருஷம் கொடுத்ததில் எது ஏறியது, எது விட்டுப்போனது, ஏறியது எந்தத் தெருவில் நடந்தது? இதைச் சரிபார்த்த குழுக்கள் எத்தனை?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை இருக்கிறது. அடுத்த சபைக்கு முந்தின வாரக் குழுக்கூட்டத்தில், வரவு செலவு முடிந்ததும் போன வருஷப் பட்டியலின் நகலை எடுத்து வைத்து, படிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படியுங்கள். நடந்தது, நடக்காதது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நகல் கையில் இல்லையென்றால் கூட்டமைப்பு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். நடக்காததில் எது முதலில் வேண்டும், அதற்காக எது ஒரு வருஷம் பொறுக்கலாம் என்று பேசி முடிவெடுத்து, தீர்மான ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த ஏட்டோடு சபைக்குப் போங்கள். தனியாக ஒருவர் போக வேண்டாம். யார் பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொண்டு பத்துப் பேராகப் போங்கள்.