தொண்டின் பயன் மூன்று

பிறர்க்குத் தொண்டு செய்வதால் பயன் பெறுவோர் யாவர்? பெறுபவரே என்பது பலரும் கூறும் விடை. ஆராய்ந்து நோக்கின், அப்பயன் ஊர், குடும்பம், தொண்டர் என மூவர்க்கும் உரியதாதல் விளங்கும்.

துறவியர்க்கும் நோயுற்றோர்க்கும் பணிவிடை புரிதலை வையாவிருத்தியம் என்பர். பொருள் கொடுத்தலைத் தானத்தில் வைத்த நம் முன்னோர், இதனை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தனர். தவத்தின் பயன் செய்பவரையே சாரும் என்பதனை நினைவிற் கொள்க.

இதற்கு நம் காலச் சான்று ஒன்றுண்டு. 1993ஆம் ஆண்டு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில், மருத்துவர்கள் எம்.ஆர். இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலிதணிப்பு மருத்துவப் பணியைத் தொடங்கினர். தீராத நோயாளர்களின் வேதனையைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆயினும், படுக்கையில் கிடப்போர் மருத்துவமனைக்கு வருதல் அரிது. ஆகவே பணி இல்லந்தேடிச் சென்றது; அண்டை அயலாரே பயிற்சி பெற்றுத் தொண்டராயினர். மலப்புறம் முதலிய மாவட்டங்களில் இது பரவியது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கை வகுத்தது.

ஊர் பெறும் பயன் யாது? ஒரு வீட்டின் துன்பம் ஊரார் அனைவரின் பொறுப்பாகிறது. எவ்வீட்டில் எவர்க்கு என்ன தேவை என்பது அயலார்க்கே முதலில் தெரியும்.

குடும்பம் பெறும் பயன் யாது? நோயாளியை இரவும் பகலும் பேணும் மனைவியோ மருமகளோ தன் பசியையும் உறக்கத்தையும் மறந்திருப்பாள். தொண்டர் ஒருவர் இரண்டு மணி நேரம் அருகில் அமர்ந்தால், அவள் நிம்மதியாக உண்டு உறங்கி எழுவாள். அவள் தளர்ந்துவிட்டால் நோயாளியைப் பேணுவார் யார்?

தொண்டர் பெறும் பயன் யாது? பிறர் நோவைக் கண்டு விலகியோடாத மனவுறுதி வாய்க்கிறது. ஆறுதல் கூறுவதினும் பொறுமையுடன் கேட்பதே பெரிது என்பது விளங்குகிறது. நான் என்னும் செருக்குத் தேய்கிறது.

இத்தொண்டிற்குச் சில நெறிகள் உண்டு. வருவதாகச் சொன்ன நாளில் தவறாது செல்லுதல் வேண்டும். காத்திருந்து ஏமாறுதல் நோயாளிக்கு மற்றுமொரு நோவாகும். அவ்வீட்டுச் செய்தியைப் புறத்தே பேசலாகாது. மருந்து பற்றிய முடிவை மருத்துவரிடமே விட்டுவிடல் வேண்டும்.

பிள்ளைகள் நகரங்களில் வாழ, முதியோர் தனித்திருக்கும் இல்லங்கள் நம் ஊர்களிலும் உள. வரும் ஞாயிறன்று அவற்றுள் ஓர் இல்லத்திற்குச் சென்று, உடனிருந்து வருவோமாக. பொருள் இல்லாதவரும் செய்யத்தக்க அறம் இது.