இராணுவச் செவிலியர் பணியில் தம்பதியர்

நோயுற்றோர்க்குத் தொண்டு செய்தல் ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவான அறமாகும். ஆயினும் அத்தொண்டு ஓர் உத்தியோகமாகி, அதற்குப் பதவியும் சீருடையும் வந்து சேரும்போது, ‘இது யாருக்கு உரியது?’ என்ற வினாவும் உடன் எழுகிறது. இவ்வினாவை என்முன் வைத்தவர்கள் என் சித்தி மகளாகிய அக்காளும் அவர் கணவரும் ஆவர். இருவரும் ஒரே கல்லூரியில் நான்காண்டுகள் பயின்று செவிலியப் பட்டம் பெற்றவர்கள். “நாங்கள் இருவரும் சேர்ந்தே இராணுவச் செவிலியராகப் போனால் என்ன?” என்று அத்தான் கேட்டார். வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் விடை தேடினேன். அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறேன்.

தோற்றமும் வளர்ச்சியும்

பழைய படைகளில் காயமுற்ற வீரர்களைக் கவனித்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. கிரிமியப் போரின்போது, 1854-ஆம் ஆண்டில், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அங்கிருந்த மருத்துவ அதிகாரிகள் அவர்களை உவந்து வரவேற்கவில்லை. பெண்களுக்குப் படை மருத்துவமனையில் என்ன வேலை என்பதே அன்றைய எண்ணம். தம் உழைப்பாலேயே அப்பெண்கள் அவ்வெண்ணத்தை மாற்றினர்.

நம் நாட்டில் 1888-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பயிற்சி பெற்ற செவிலியர் பதின்மர் பம்பாயில் வந்து இறங்கினர். இன்றைய இராணுவச் செவிலியர் பணியின் தொடக்கம் அதுவே. 1926-இல் அது இந்திய இராணுவச் செவிலியர் பணி எனப் பெயர் பெற்றது. 1943-ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் அச்செவிலியர்க்கு அதிகாரி தகுதி அளித்தது. அச்சட்டம் நியமனத்திற்கு உரியவர் பெண் என்றே வரையறுத்தது. ஒருகாலத்தில் பெண்ணுக்கு அடைத்திருந்த கதவு இவ்வாறு ஆணுக்கு அடைபட்டது.

இரண்டு வாயில்கள்

அக்காள் தேர்வில் வென்றால் லெப்டினன்ட் பதவியில் சேர்வார். அப்பணியில் மேஜர் ஜெனரல் வரை உயர்ந்த பெண்மணிகள் உண்டு. அதே பட்டம் பெற்ற அத்தானுக்கு அவ்வழி இல்லை. ஆண்களுக்கு இருப்பது இராணுவ மருத்துவப் படைப்பிரிவின் செவிலி உதவியாளர் வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றோர் அதில் சிப்பாயாகச் சேரலாம். வயது வரம்போ இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். சேர்ந்தாலும், மனைவி அதிகாரி, கணவர் ஜவான். உணவுக் கூடமும் குடியிருப்பும்கூட இருவருக்கும் வேறு வேறு. படிப்பு ஒன்றாயிருக்கப் பதவி இரண்டாவது முறையோ என்று அத்தான் கேட்டபோது என்னிடம் மறுமொழி இல்லை.

திருமணமும் பணியும்

பெண்ணின் பாதையும் முள்ளின்றி இருந்ததன்று. திருமணம் செய்துகொண்ட செவிலி அதிகாரியைப் பணியிலிருந்து நீக்கலாம் என 1977-ஆம் ஆண்டின் விதி ஒன்று கூறியது. அவ்வாறு 1988-இல் நீக்கப்பட்ட ஓர் அதிகாரி நெடுங்காலம் வழக்காடினார். விதி 1995-இல் திரும்பப் பெறப்பட்டது. அவருக்கோ 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றத்தில் நீதி கிடைத்தது. அறுபது இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்ட நீதிமன்றம், அத்தகைய விதி மனித மாண்புக்கும் சமத்துவத்துக்கும் புறம்பானது எனக் கண்டித்தது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த பணம், இழந்த பணிக்காலத்தை மீட்டுத் தருமா?

பிற நாடுகளில்

அமெரிக்கத் தரைப்படையின் செவிலியர் பிரிவு 1901-இல் பெண்களுக்கென அமைந்தது. 1955-இல் சட்டம் திருத்தப்பட்டு, எட்வர்ட் லயன் என்பவர் அதன் முதல் ஆண் அதிகாரியானார். பிரிட்டிஷ் படைச் செவிலியர் பிரிவு 1992-இல் ஆண்களை ஏற்றது. கணவன் மனைவி இருவரும் படையினராயின் அவர்களை அருகருகே அமர்த்த முயலும் ஏற்பாடும் அமெரிக்கப் படையில் உண்டு. அது முயற்சியே அன்றி உறுதிமொழி ஆகாது. போர் வந்தால் ஒருவர் ஒரு திசையும் மற்றவர் மறு திசையும் செல்ல நேரும். ஆகவே கதவு திறந்திருக்கும் நாட்டிலும், பிரிவைத் தாங்கும் மனத்திட்பம் தம்பதியர்க்குத் தேவை.

செய்யத் தக்கது

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து நான் கூறியது இது: அக்காள் இராணுவத்துக்கு விண்ணப்பிக்கலாம். அத்தான் இரயில்வே போன்ற மத்திய அரசு மருத்துவமனைகளில் செவிலியர் பணியை நாடலாம். அங்கு ஆண்களுக்கும் இடமுண்டு. அரசுப் பணியிலுள்ள கணவன் மனைவியரை இயன்றவரை ஒரே ஊரில் அமர்த்துமாறு மத்திய அரசு 1986-இலும் 2009-இலும் நெறி வகுத்துள்ளது. ‘இயன்றவரை’ என்ற சொல்லை மறவாமல், சில ஆண்டுப் பிரிவுக்கும் ஆயத்தமாக வேண்டும். யார் எங்கே போவது, குழந்தை பிறந்தால் யாரிடம் வளர்வது என்பவற்றை விண்ணப்பம் எழுதுமுன்னரே பேசி முடித்தல் நலம். அக்காள் விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டார். அத்தான் அதற்கு மனமுவந்து துணை நிற்கிறார். ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

காயமுற்ற வீரனுக்கு வேண்டுவது பயின்ற கையும் பரிவுள்ள நெஞ்சும் மட்டுமே. அவன் கட்டவிழ்ந்த புண்ணுக்குக் கட்டுப் போடும் கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று கேட்பதில்லை. அவன் கேளாத கேள்வியைச் சட்டம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? நைட்டிங்கேல் அம்மையார் அன்று திறந்த கதவு ஒரு பாலார்க்கு மட்டும் உரியதாக நின்றுவிடலாகாது. தகுதி ஒன்றாயின் வாயிலும் ஒன்றாதல் வேண்டும். இதனை மாணவ நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் சிந்திப்பார்களாக.