அடுத்த தடவை வேற என்ன செய்வீங்க, டாக்டர்?

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

கருத்தரிப்பு மையத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இந்தக் கேள்வி உங்களைத் தேடி வரும். உறைகரு வைத்து இரண்டாவது தடவையும் பீட்டா (கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் ஆன தம்பதி எதிரே உட்கார்ந்திருப்பார்கள். மனைவி பேச மாட்டார். கணவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்பார்: "அடுத்த தடவை வேற என்ன செய்வீங்க, டாக்டர்?"

ஸ்கேனும் ஊசியும் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். "போன தடவை செய்ததையே மறுபடி செய்வோம், அதுதான் சரி" என்று சொல்ல வருடங்கள் ஆகும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால்தான் நமக்கு அக்கறை இருப்பதாக அவர்கள் நம்புவார்கள், இல்லையென்றால் பக்கத்து மையத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்தில்தான் மருந்துச் சீட்டு நீள்கிறது. கருவை வைக்கும் ஒரு டிரான்ஸ்ஃபருக்கும் அடுத்ததற்கும் நடுவில் உங்கள் வேலை பிரித்துப் பார்ப்பது. எது வாய்ப்புக் கணக்கில் தவறியது, எது காரணத்தோடு தவறியது என்று பிரித்துவிட்டால் பாதி பதில் கிடைத்த மாதிரி.

முதலில் கணக்கு. இளம் வயதுப் பெண் ஒருவருக்கு நல்ல தரமுள்ள ஐந்தாம் நாள் கரு ஒன்றை வைக்கிறீர்கள். அது ஒட்டுவதற்கு 40 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை தவற 60 சதவீதம். இரண்டும் தவற 36. மூன்றும் தவற ஏறக்குறைய 22. அதாவது, உடம்பில் ஒரு கோளாறும் இல்லாத ஐந்து பெண்களில் ஒருவர் மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பக்கூடும். இந்தக் கணக்கை முதல் டிரான்ஸ்ஃபருக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். தோற்ற பிறகு காட்டினால் அது சமாளிப்பு மாதிரித்தான் தெரியும்.

எத்தனை தடவை தவறினால் "தொடர் தோல்வி" என்று பெயர் வைப்பது? எஷ்ரே என்ற ஐரோப்பிய அமைப்பு 2023-இல் தந்த பரிந்துரை எனக்குப் பிடித்தமானது. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையை அது சொல்லவில்லை. இதுவரை வைத்த கருக்களைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு 60 சதவீத வாய்ப்புக்கு மேல் கிடைத்திருக்க வேண்டும். அப்படியும் ஒட்டவில்லை என்றால்தான் மேற்கொண்டு ஆராயச் சொல்கிறது. மேலே சொன்ன பெண் இரண்டு டிரான்ஸ்ஃபரிலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். நாற்பதைக் கடந்து, ஒரு கருவுக்கு 15 சதவீத வாய்ப்பே உள்ளவருக்கு ஆறு டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும். இருவருக்கும் ஒரே பரிசோதனைப் பட்டியலை நீட்டுவது வைத்தியம் ஆகாது.

அடுத்தது, பழி. நம் ஊரில் கரு ஒட்டவில்லை என்றால் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது கருப்பைதான். அதாவது அந்தப் பெண். ஆனால் 2021-இல் ஃபெர்ட்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி இதழில் வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். கருப்பைக் குழி சீராக இருந்த பெண்களுக்கு, குரோமோசோம் சரியென்று சோதித்த கருக்களை ஒவ்வொன்றாக மூன்று தடவை வரை வைத்தார்கள். சுமார் 95 சதவீதம் பேருக்குக் கரு ஒட்டியது. பெரும்பாலான தோல்விக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு என்பதே இதன் சாரம். 40 வயதை ஒட்டிப் பாதிக்கு மேற்பட்ட கருக்களில் அந்தக் கோளாறு இருக்கும். இதை மாமியாரும் கேட்கும்படி, வாய்விட்டுச் சொல்லுங்கள். உடனே "அப்போ அந்த ஜெனட்டிக் டெஸ்ட் எடுத்துடலாமா?" என்பார்கள். முறம் நெல்லையும் பதரையும் பிரிக்கும், நெல்லை விளைவிக்காது. இருப்பது இரண்டே கரு என்றால் அந்தச் சோதனையால் பெரிய லாபமில்லை. ஆணா பெண்ணா என்பது அந்த அறிக்கையிலும் வெளிவரக் கூடாது என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

"ஃப்ரீசர்ல வெச்சது பழசாகிடாதா டாக்டர்?" என்றும் கேட்பார்கள். சிரிக்காதீர்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கருவுக்கு வயது ஏறுவதில்லை. பழைய மெதுவான உறைமுறையில் பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும். இப்போதைய விட்ரிஃபிகேஷனில் பனிப்படிகம் உருவாக நேரமே இல்லை. நல்ல லேபில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைத்து வருகின்றன. உறைய வைப்பதன் நியாயத்தையும் விளக்குங்கள். கொல்கத்தாவின் டாக்டர் சுபாஷ் முகர்ஜி 1978-லேயே இதை யோசித்தவர். கருமுட்டைக்காக ஊசி போட்ட மாதத்தில் கருப்பை சீராக இருக்காது என்று கருவை உறைய வைத்து, பின்னொரு மாதத்தில் வைத்தார். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாளில், அக்டோபர் 3 அன்று, துர்கா என்று அறியப்பட்ட குழந்தை பிறந்தது. அவர் சொன்னதை விசாரிக்க அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாம் தினமும் செய்யும் இந்த வேலையின் மூல யோசனை நம் நாட்டிலேயே அவமதிக்கப்பட்டது என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இனி, உண்மையிலேயே மாற்றிப் பார்க்க வேண்டியவை. கருப்பைக் குழியில் பாலிப், உள்நோக்கித் துருத்திய ஃபைப்ராய்டு, தடுப்புச் சுவர் இருக்கிறதா? கருக்குழாயில் நீர் கோத்திருந்தால் அந்த நீர் கருப்பைக்குள் கசியும். குழாயை அடைத்தோ எடுத்தோ விட்டுத்தான் அடுத்த கரு. தைராய்டு, சர்க்கரை, எடை, ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் ஆன்ட்டிபாடி, இருவரின் குரோமோசோம், கணவரின் புகைப்பழக்கம். நம் நாட்டில் கருப்பைக் காசநோயை மறக்க முடியாது. ஆனால் வேறு ஆதாரம் இல்லாமல் ஒரே ஒரு பி.சி.ஆர். பாசிட்டிவை வைத்து ஆறு மாத மருந்தைத் தொடங்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். 39 வயதுப் பெண்ணின் ஆறு மாதம் அது.

ஹார்மோன் மாத்திரையால் தயாரித்த சுழற்சியா, இயற்கைச் சுழற்சியா என்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருபவருக்கு இயற்கைச் சுழற்சி நன்றாகவே ஒத்துப்போகும். மாத்திரைச் சுழற்சியில் கார்ப்பஸ் லூட்டியம் உருவாவதில்லை. அந்தக் கர்ப்பங்களில் ரத்த அழுத்தம் கூடும் சிக்கல் அதிகம் என்று தெரிந்திருக்கிறது. ப்ரோஜெஸ்டிரோனை எண்ணெய் ஊசியாகப் போட்டால் இடுப்புக்குக் கீழே கட்டி கட்டியாக நிற்கும். அந்தப் பெண் ஒருக்களித்துத்தான் உட்காருவார். அது தேவைதானா, பெஸரி போதுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபர் அன்று உங்கள் கையையும் கவனியுங்கள். பெயரையும் அடையாள எண்ணையும் அந்தப் பெண்ணே சத்தமாகச் சொல்லட்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க, வயிற்றின் மேல் ஸ்கேன் பார்த்தபடி, மென்மையான கதீட்டர் கருப்பையின் மேற்சுவரைத் தொடாமல் போக வேண்டும். திரையில் மின்னும் வெள்ளைப் புள்ளி, கருவோடு போகும் காற்றுக்குமிழி. பல பெண்கள் அதைக் கரு என்று நினைத்து அந்தப் படத்தை ஃபோனில் வைத்துக்கொள்கிறார்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எம்ப்ரியாலஜிஸ்ட் கதீட்டரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து "க்ளியர்" என்று சொல்லும் வரை யாரும் அசையக் கூடாது. கருப்பை வாய் முரண்டு பிடித்ததா, ரத்தம் கசிந்ததா என்று அன்றே எழுதி வையுங்கள். அடுத்த தடவைக்கு உங்களிடம் இருக்கும் நேர்மையான பதில் சிலசமயம் அந்த ஒரு வரிதான்.

"ஆட்டோவில் போகலாமா? மாடிப்படி ஏறலாமா?" போகலாம், ஏறலாம். படுத்தே கிடப்பதால் கரு கூடுதலாக ஒட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. திருக்கருகாவூர் நெய்ப் பிரசாதம் சாப்பிடலாமா என்றால், தாராளமாக. அதைக் கேலி செய்தால் அடுத்த கேள்வியை உங்களிடம் கேட்க மாட்டார்கள்.

சேர்க்கச் சொல்லி வரும் சரக்குகளுக்கு வருவோம். கருப்பையின் உட்சுவரைக் கீறிவிட்டால் கரு ஒட்டும் என்று பல வருடம் கீறினோம். 2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1,364 பெண்களிடம் செய்த ஆய்வு வந்தது. கீறியவர்களிலும் கீறாதவர்களிலும் குழந்தை பிறந்தது 26.1 சதவீதம் பேருக்கு. கருப்பை எந்த நேரத்தில் கருவை ஏற்கும் என்று சொல்லும் ஈ.ஆர்.ஏ. பரிசோதனையை 767 பேரிடம் செய்துபார்த்து 2022-இல் ஜாமா இதழில் வெளியிட்டார்கள். அதன்படி நேரம் குறித்தவர்களில் குழந்தை பிறந்தது 58.5 சதவீதம் பேருக்கு; வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9. இன்ட்ராலிப்பிட் டிரிப்பையும் என்.கே. செல் பரிசோதனையையும் எஷ்ரே பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பில். ஐ.வி.எஃப். செலவைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. அந்த பில் அடகு வைத்த வளையலிலிருந்து வருகிறது. "இதில் பலன் நிரூபணமாகவில்லை, இந்தப் பணத்தை அடுத்த டிரான்ஸ்ஃபருக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் போய்விடுவார்கள். இருப்பவர்கள் உங்களை நம்பி இருப்பார்கள்.

பீட்டா முடிவை நீங்களே சொல்லுங்கள். லேபின் வாட்ஸ்அப் உங்களுக்கு முன் போய்விடக் கூடாது. யாரை, எந்த நேரத்தில் அழைப்பது என்று முன்பே கேட்டு ஃபைலில் குறியுங்கள். வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியைக்கு பதினோரு மணிக்கு இந்தச் செய்தி போக வேண்டாம். எண் தாழ்வாக வந்தால் "பாசிட்டிவ்" என்று வாழ்த்தாதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். நெகட்டிவ் என்றால் எந்த மருந்தை நிறுத்துவது, எப்போது உதிரம் வரும், வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்பதை அப்போதே சொல்லுங்கள். "நீங்க டென்ஷன் ஆனதாலதான்" என்ற வாக்கியம் உங்கள் வாயில் வரவே கூடாது. 2011-இல் பி.எம்.ஜே. இதழ் வெளியிட்ட, 14 ஆய்வுகளைச் சேர்த்த அலசலில், சிகிச்சைக்கு முன்பிருந்த மன உளைச்சலுக்கும் தோல்விக்கும் தொடர்பு தெரியவில்லை. "விசேஷம் இல்லையா?" என்று ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் கேட்கப்படுபவரிடம் பதற்றப்படாதே என்பது கொடுமை.

கடைசியாக, நிறுத்துவது. அந்தப் பேச்சை முதல் சுழற்சியிலேயே தொடங்குங்கள்: எத்தனை தடவை, எவ்வளவு பணம், எந்த வயது வரை. 2021-இன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வரைதான் சிகிச்சை. கருவைப் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. தானமுட்டை ஒரு வழி. தத்து இன்னொரு வழி. ஆனால் காத்திருப்பு வருடக்கணக்கில் போகும். தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கிடைக்காது. எல்லா டிரான்ஸ்ஃபரும் தோற்ற பிறகு இந்தக் கதவைக் காட்டினால், அது பாதி மூடியிருக்கும். குழந்தை இல்லாமலே இருவராக வாழ்வதும் ஒரு வழிதான். அதை ஆறுதல் பரிசு மாதிரிச் சொல்லாதீர்கள்.

ஒரு தம்பதி நிறுத்த முடிவெடுத்தால் அதற்கும் ஒரு முழு கன்சல்டேஷன் நேரம் ஒதுக்குங்கள். மீதமுள்ள கருக்களை என்ன செய்வது என்று பேசிக் கையெழுத்து வாங்குங்கள். இதுவரை நடந்ததை ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதிக் கையில் கொடுங்கள். வேறு எங்காவது போய் மறுபடி முயல நினைத்தால் அந்தப் பக்கம் அவர்களுக்கு வேண்டும். முயலவில்லை என்றாலும், செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த ஒரு பக்கத்தைக் கூச்சமில்லாமல் எழுத முடிகிற மாதிரி ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரையும் செய்யுங்கள்.

அன்புடன்,
இதே வேலையில் உங்களுக்கு முன்னால் சேர்ந்த ஒருவர்