வெண்டையும் பச்சைப் பட்டை அந்துப்பூச்சியும்

மும்பையில் மின்தொடர்வண்டியின் சாளரத்தருகே அமர்ந்து சென்றோர், இருப்புப்பாதையின் ஓரத்தில் கீரையும் வெண்டையும் விளைந்ததைக் கண்டிருப்பர். டிராம்பேயில் வீட்டு வாயிலில் தகர டப்பாவில் வெண்டை வளர்ப்போரும் உளர். நாள்தோறும் நீர் ஊற்றியும் அச்செடியின் நுனித்தளிர் ஒருநாள் வாடித் தலைசாயலாம். வேரில் குறையில்லை, வெயிலின் குற்றமும் அன்று. தளிருக்குள் ஒரு புழு இருக்கக்கூடும்.

அப்புழுவின் தாய் ஒரு சிறிய அந்துப்பூச்சி. இறக்கை விரித்தால் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். வெளிறிய முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஆப்பு வடிவில் ஒரு பச்சைப் பட்டை உண்டு. இதன் அறிவியற்பெயர் ஏரியாஸ் விட்டெல்லா. 1794-இல் ஃபாப்ரிசியஸ் என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர் இதற்கு ‘விட்டெல்லா’ என்று பெயரிட்டார். இலத்தீனில் ‘விட்டா’ என்றால் நாடா.

பகலில் அடங்கியிருந்து இரவில் பறக்கும் இப்பூச்சி, தளிரிலும் மொட்டிலும் பிஞ்சிலும் நீலப்பச்சை முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். குவியலாக இடாததால் அவற்றைக் காண்பது அரிது. மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். பழுப்பு உடலில் புள்ளிகள் கொண்ட இப்புழுவை உழவர் ‘புள்ளிக் காய்ப்புழு’ என்பர். காய்க்கும் முன் தண்டையும், காய்த்தபின் காயையும் குடைந்து ஏறத்தாழ இரண்டு வாரம் வளரும். நுழைந்த துளையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். சந்தையில் நுனியை ஒடித்துப் பார்த்து வெண்டை வாங்குகிறோம். ஒடிவது பிஞ்சு என்பதைக் காட்டுமேயன்றிப் புழு இல்லை என்பதைக் காட்டாது!

வளர்ந்த புழு வெளியே வந்து, செடியிலோ உதிர்ந்த சருகிலோ படகு வடிவக் கூட்டைப் பின்னும். அதனுள் ஏறத்தாழ பத்து நாள் கூட்டுப்புழுவாக இருந்து, அந்துப்பூச்சியாக வெளிவரும்.

காய்க்குள் இருக்கும் புழுவை மருந்து எளிதில் எட்டாது. காயை உண்ணும் நம்மையோ எட்டும். டிரைக்கோகிரம்மா என்னும் மிகச்சிறிய குளவி நமக்குத் துணை. அது இப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுவதால், உள்ளிருந்து வெளிவருவது குளவியே. மருந்து தெளித்தால் அக்குளவியும் மடியும். ஆகவே வாடிய நுனியையும் துளைபட்ட காயையும் கிள்ளி, மண்ணில் ஆழப் புதைக்க வேண்டும். செடியடியில் வீசினால் புழு அங்கேயே கூடு கட்டும். வெண்டையின் உறவுச் செடிகளான செம்பருத்தியிலும் துத்தியிலும் தேடிப் பார்த்தல் நன்று.

பயிற்சி

1. நுனித்தளிர் வாடுவது ஏன்?
2. புழுவை மருந்து எளிதில் எட்டாதது ஏன்?
3. உம் வீட்டருகே உள்ள செம்பருத்திச் செடியைப் பத்து நாள் உற்றுநோக்கி, கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.