படர்க்கையிலிருந்து தன்மைக்கு: பாக்கின் திருக்காட்சி விழா இசையில் காணிக்கை

சனவரி 6ஆம் நாள் கொண்டாடப்பெறும் திருக்காட்சி விழா, கீழைத் திருச்சபைகளில் இயேசுவின் திருமுழுக்கை மையமாகக் கொண்டது. மேலைத் திருச்சபைகளிலோ கீழ்த்திசை ஞானியரின் வருகையே முதன்மை பெறுகிறது. ஆதலின் இவ்விழாவுக்குரிய மேலை இசையை ஆராய்வோர், விண்மீனையும் ஒட்டகத் திரளையும் இசைக்கருவிகளின் ஒலியில் தேடுவது வழக்கம். தேடினால் அவை கிடைக்கவும் செய்கின்றன. எனினும் யோகான் செபாஸ்டியன் பாக் லைப்சிக் நகரில் அளித்த திருக்காட்சிப் படைப்புகள் இரண்டில் விழாவின் பொருள், கதை படர்க்கையிலிருந்து தன்மைக்குத் திரும்பும் இடத்திலேயே தங்கியுள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதலாவது, 1724இல் இசைக்கப்பெற்ற 65ஆம் எண் கான்டாட்டா. அன்றைய வாசகங்கள் எசாயா 60:1-6, மத்தேயு 2:1-12 ஆகியன. எசாயாவின் ஆறாம் வசனமே தொடக்கக் குழுப்பாடலின் உரை. இரு கொம்புகள், இரு ரெக்கார்டர் குழல்கள், ‘ஓபோ ட காச்சா’ எனும் தாழ்குரல் ஓபோக்கள் இரண்டு, தந்திக் கருவிகள் ஆகியவற்றோடு, நம் திசிர நடையை நினைவூட்டும் அசைவில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. வருவோர் ‘அவர்கள்’, அடுத்து வரும் சபைப்பாடலிலும் சேபா அரசர்கள் படர்க்கையிலேயே நிற்கின்றனர்.

பாஸ் குரலின் தனிப்பாடலில் நிலை மாறுகிறது. ஓபீர் நாட்டுப் பொன்னும் போதாது, வேண்டுவது உள்ளமே என்று உரை கூறும்போது கொம்புகளும் ரெக்கார்டர்களும் தந்திகளும் விலகுகின்றன. ஓபோக்கள் இரண்டும் அடித்தள இசையும் மட்டுமே துணை. பின்னர் டெனர் குரல் தன் காணிக்கைகளைச் சொல்கிறது: பொன் நம்பிக்கை, சாம்பிராணி மன்றாட்டு, வெள்ளைப்போளம் பொறுமை. அதைத் தொடரும் தனிப்பாடலில் எல்லாக் கருவிகளும் ஆடல் நடையில் மீள்கின்றன. தொடக்கத்தில் அரசர் கூட்டத்துக்கு முழங்கிய கொம்பு இப்போது தன்னையே கொடுக்கும் ஒருவனுக்காக ஒலிக்கிறது.

இரண்டாவது, 1735 சனவரி 6இல் இசைக்கப்பெற்ற கிறித்துப் பிறப்பு ஓரட்டோரியோவின் ஆறாம் பகுதி. இங்கு ஒரு தடை எழலாம். எக்காளமும் முரசும் முழங்கும் இதன் தொடக்கமும் முடிவும், தனிப்பாடல்களும், மறைந்துபோன வேறொரு கான்டாட்டாவிலிருந்து எடுத்தாளப்பட்டவை. விழாவுக்கென்று இயற்றப்படாத இசை விழாவை எவ்வாறு காட்டும்? இத்தடை ஒருவகையில் நமக்குத் துணையே. புதிதாகச் சேர்க்கப்பட்டவை நற்செய்தி உரைக்கூறுகளும், பவுல் கெர்கார்ட்டின் தீவனத்தொட்டிப் பாடலுமே. ஞானியர் பேழைகளைத் திறந்தனர் என்று நற்செய்தியாளர் சொல்லி முடித்தவுடன் அப்பாடல் ஒலிக்கிறது. அங்கே நிற்பவர் ஞானியர் அல்லர், ‘நான்’. எக்காளங்கள் வாய்மூடியிருக்கும் எளிய நாற்குரல் அமைப்பு அது. விழாவின் நெஞ்சு அந்தச் சிறு பாடலில் இருப்பதாகவே கருதத் தோன்றுகிறது.

இப்பகுதியின் இறுதிப்பாடல் பற்றி வேறொரு விளக்கம் பரவலாக உண்டு. அதன் மெட்டு, கான்சு லியோ காசுலர் 1601இல் வெளியிட்ட காதற்பாடலொன்றில் பிறந்தது. பாக்கின் மத்தேயு பாடுகள் இசையில் பன்முறை வருவது. ஆகவே பிறப்பு விழாவின் முடிவில் சிலுவையின் நிழல் விழுகிறது என்பர். இவ்விளக்கம் கவர்ச்சியானது, ஆனால் ஏற்கத் தயக்கம் உண்டு. அம்மெட்டு அந்நாளில் மனந்திருந்தற் பாடலுக்கும் இறப்பை விழையும் பாடலுக்கும்கூட உரியதாயிருந்தது. மேலும் அவ்விறுதிப்பாடலே பழைய கான்டாட்டாவிலிருந்து வந்தது. அடக்கத்தின் அடையாளமாகப் பொதுவாகப் பொருள்கொள்ளப்படும் வெள்ளைப்போளத்தைப் பொறுமையாக மாற்றிய 65ஆம் கான்டாட்டாவின் பெயரறியாப் பாவலரும், கல்லறையைச் சுட்டும் வாய்ப்பு கையருகே இருந்தும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.