பெற்றோரின் வைத்தியச் செலவு: அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியார் காப்புறுதியா?

கடையின் முதலையும் வீட்டுச் செலவையும் ஒரே பெட்டியில் வைத்திருப்பது எமது சிறு வியாபாரிகள் பலரிடமுள்ள பழக்கம். சாதாரண நாட்களில் இதன் பாதிப்பு தெரிவதில்லை. வாப்பாவுக்கு நெஞ்சு வலி என்று தனியார் வைத்தியசாலையில் சேர்த்த பின்னர்தான் தெரியவரும். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலைக்காக ஒதுக்கிய பணம் பில்லுக்குப் போய்விடும். காசோலை திரும்பினால், அடுத்த முறை கடனுக்குச் சரக்கு கிடைப்பது கஷ்டம். ஆகவே பெற்றோரின் வைத்தியச் செலவைக் கடைக் கணக்கோடு சேர்த்தே யோசிக்க வேண்டியுள்ளது.

காப்புறுதி எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது எனப் பலர் நினைக்கின்றனர். வாலிபருக்கு அது ஓரளவு சரி. முதியோருக்கு அப்படியல்ல.

பொதுவாகத் தனியார் வைத்தியக் காப்புறுதியில் புதிதாகச் சேர்வதற்கு வயது எல்லை உண்டு. 60, 65 என அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சேர்ந்தவரையும் ஒரு வயதுக்குப் பின் தொடர்ந்து வைத்திருக்கமாட்டார்கள். வயது ஏற ஏறக் கட்டுப்பணமும் ஏறும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஏற்கனவே உள்ள நோய் பற்றிய நிபந்தனை. நீரிழிவு, பிரஷர், இருதய நோய் இருப்பவருக்கு அந்த நோய்களையே பத்திரம் விலக்கிவிடலாம், அல்லது சில காலம் காத்திருக்கச் சொல்லலாம். எமது முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் பெரும்பாலும் இந்த நோய்கள்தான். உச்ச எல்லையையும் பாருங்கள். உதாரணமாக எல்லை 4 இலட்சம், பில் 9 இலட்சம் என்றால் மீதி 5 இலட்சமும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

அரசாங்க வைத்தியசாலை வயதைக் காரணங்காட்டி யாரையும் திருப்பியனுப்புவதில்லை. பழைய நோய் இருக்கிறதா என்று கேட்டு விலக்குவதுமில்லை. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோய்க்கும், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருதய சத்திரசிகிச்சைக்கும் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கிறது. 2016இல் ஆரம்பித்த 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கும் கட்டணமில்லை. 70 வயதில் இப்படியொரு காப்புறுதியை எந்த நிறுவனத்திடமும் வாங்க முடியாது. ஆயினும் குறைகளை மறைக்கத் தேவையில்லை. சத்திரசிகிச்சைக்கு நீண்ட வரிசை; சில பரிசோதனைகளையும் மருந்துகளையும் வெளியில் பெற வேண்டிவரும். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டுக்கும் நடுவிலும் ஒரு வழியுண்டு. 1984இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலை கட்டணம் அறவிடும் அரசாங்க நிறுவனம். பெரிய தனியார் வைத்தியசாலைக்குப் போகுமுன் அங்கும் விசாரித்துப் பார்ப்பது நல்லது. அக்ரஹார காப்புறுதி அரசாங்க ஊழியர்களுக்குரியது. மனைவி ஆசிரியையாக இருந்தால் நீங்கள் அதில் அடங்கலாம். ஆனால் உங்கள் வாப்பா, உம்மாவுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

என் அபிப்பிராயம் இதுதான். பெற்றோர் 65ஐத் தாண்டி, நோயும் இருந்தால், விலக்குகள் நிறைந்த பத்திரத்துக்குக் கட்டும் பணத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். அதைக் கடைத் தேவைக்குத் தொடக்கூடாது. கிளினிக்கை அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே தொடருங்கள். தனிக் கணக்குப் பணம் ஸ்கேனுக்கும், அவசரத்துக்குச் சனல் பண்ணவும் உதவும். 60க்குக் குறைந்து ஆரோக்கியமாக இருந்தால் இப்போதே காப்புறுதி எடுக்கலாம். சில்லறை மருந்துச் செலவைத் தரும் பத்திரத்தை விட, வைத்தியசாலையில் தங்கும் செலவுக்கு உயர்ந்த எல்லை தரும் பத்திரமே பிரயோசனமானது. தகாபுல் முறையை விரும்புவோரும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்; பெயர் மாறினாலும் வயது எல்லையும் விலக்குகளும் அங்கும் உண்டு.

முன்மொழிவுப் படிவத்தை முகவர் நிரப்பட்டும் என்று வெறுமனே கையொப்பமிடாதீர்கள். "சீனி வருத்தத்தைப் போடத் தேவையில்லை" என்று அவர் சொன்னால் இணங்க வேண்டாம். மறைத்த நோய் கிளினிக் கொப்பியில் இருக்கும். கோரிக்கை வைக்கும்போது அதைக் காட்டியே மறுப்பார்கள். நிரப்பிய படிவத்தின் பிரதியொன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நியாயமின்றிக் கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிட்டு, தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். அங்கு அந்தப் பிரதி தேவைப்படும்.